நம்ம ஆளுதான்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, அத்தானுக்குக் கண் எரிச்சல் குறைந்ததா என்று விவரமாக எழுது. போனில் கேட்கலாம் என்றால் உங்கள் அணைக்கட்டு வேலை நடக்கும் இடத்தில் இருப்பது ஒரே ஒரு ஆபீஸ் போன். நாம் பேசுவதை உங்கள் மேனேஜரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார். கடிதம்தான் நமக்கு வசதி.

உன் மகள் வந்த அன்றைக்கே வீட்டை ஒரு கை பார்த்துவிட்டாள். குண்டூசி என்று நீ பெயர் வைத்தது சும்மா இல்லை. எட்டாம் வகுப்பில் என் பிரிவிலேயே சேர்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னை ‘சார்’ என்று கூப்பிட வேண்டும் என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் ‘சார், சாப்பிட வாங்க சார்’ என்று கூப்பிட்டு என் மனைவியைச் சிரிக்க வைக்கிறாள். இருவரும் கூட்டு சேர்ந்துவிட்டார்கள். என் பாடு திண்டாட்டம்தான்.

நாம் பேசி வைத்தபடி அத்தான் எந்த மதம் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பள்ளிப் பதிவேட்டில் பெற்றோர் என்ற இடத்தில் உன் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். என் அக்கா மகள் என்றதும் நம்ம ஆள் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். நீ கவலைப்படாதே. அந்தப் பழைய கலவரத்துக்குப் பிறகு அத்தானுடைய மதத்துக்காரர்கள் எல்லோரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களுக்கு அங்கே தனிப் பள்ளிக்கூடம், தனிக் கடைத்தெரு. என் வகுப்புப் பிள்ளைகள் அவர்களில் ஒருவரோடுகூட முகம் பார்த்துப் பேசியதில்லை.

இந்த வருஷப் புத்தகத்தில் மதக் கலவரம் பற்றி ஒரு பாடம் வருகிறது. ‘இரு தரப்பினரிடையே விரும்பத்தகாத சம்பவங்கள் நிகழ்ந்தன’ என்று எழுதிப் பாதிப் பக்கத்தில் கையைக் கழுவிவிட்டார்கள். மற்ற ஆசிரியர்கள் அதைக் கோடு போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அப்படி விடப்போவதில்லை. கரும்பலகைக்கு முன்னால் ஒரு நாற்காலி போடப்போகிறேன். ஒரு பிள்ளை அதில் உட்கார்ந்து, அந்தக் கலவரத்தில் இருந்த யாராவது ஒருவராக மாற வேண்டும். ‘நான்’ என்றுதான் பேச வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். எழுந்திருக்கும்வரை வேஷம் கலையக் கூடாது. நீ வெளியூர் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்ட அன்று, நம் வீட்டில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊருக்கே தெரியாமல் மறைத்தபோது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். இந்தப் பாடத்தை நடத்த என்னை விட யாருக்குத் தகுதி இருக்கிறது, சொல்.

மற்றவை உன் பதில் கண்டு.

அன்புடன்,
தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கே இருவரும் நலம்தான். முதுகுவலி என்னை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் அத்தான் நாள் முழுக்கக் கிரேன் மேலே உட்கார்ந்து கீழே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார். மருந்து ஊற்றிக்கொள்ளுங்கள் என்றால் நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. இந்த மலையில் ஏழாம் வகுப்புக்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் இருந்திருந்தால் அவளை அனுப்பியே இருக்க மாட்டேன். உன் அத்தான் வேலை முடிந்து வந்ததும் பழக்க தோஷத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலச் செருப்பைக் கழற்றுகிறார்.

வாத்தியாரே, உன் நாற்காலி வித்தை நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதிலேயே நீ பொம்மைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தி, பதில் சொல்லவில்லை என்று அவற்றை அடித்தவன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் இருப்பதுபோலவே நடத்தினால் என்ன குறைந்துவிடும்? அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு வாய் நிற்காது என்பது உனக்கே தெரியும். அந்த ஊரில் கலப்பு வீடு என்றால் என்ன அர்த்தம் என்று நாம் இருவரும் பார்த்து வளர்ந்தவர்கள். யார் கேட்டாலும் அப்பா கிரேன் ஓட்டுகிறார், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. குண்டூசி எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டாள், விடாதே என்று சொல்.

இப்படிக்கு,
அக்கா


ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

நாற்காலிப் பாடம் தொடங்கிவிட்டேன். முதல் நாள் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. ஒரு குண்டுப் பையன் கொள்ளை போன செருப்புக் கடைக்காரராக உட்கார்ந்தான். கடையின் கண்ணாடிப் பெட்டியில் இடது கால் செருப்புகளை மட்டும்தான் வைத்திருந்தாராம். கொள்ளையடித்தவர்கள் அவசரத்தில் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். ஊரில் யார் யார் வலது காலில் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்றான். தலைமையாசிரியர்கூட வாசலில் நின்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வகுப்பு லீடர் கை தூக்கினான். அவனைப் பற்றி ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்ல முடியாது அக்கா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவான். உன் மகளுக்கு இங்கே கிடைத்த முதல் சிநேகிதனும் அவன்தான். அவன் தீ வைத்தவனாக உட்கார்ந்தான். ஏன் செய்தாய், பயமாக இல்லையா என்றெல்லாம் கேட்டார்கள். தயங்காமல் பதில் சொன்னான். நான் பின்னால் நின்று ‘அருமை’ என்று வேறு சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது என் வாயிலிருந்து பிடுங்கி எறிய முடிந்தால் தேவலை.

“எந்த வீட்டை முதல்ல கொளுத்தினே?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“கலப்பு வீட்டை.”

“ஏன்?”

“எதிரி வீடு எங்க போயிடும்? பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், அப்புறமாப் பாத்துக்கலாம். கலப்பு வீடு நம்ம தெருவுக்குள்ளேயே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கத்து வழியும் தெரியும். அதனால அவங்களை விடக் கூடாது.”

கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னான். வகுப்பில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. பாதிப் பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். முக்கியமானதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தானே. மணி அடித்ததும் அவன் எழுந்து வந்து, “சரியாச் சொன்னேனா சார்? எங்க பெரியப்பா சொன்னதுதான்” என்றான். அவன் கண்ணில் துளிக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

பதில் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையா இப்படிப் பேசியது? நம் காலத்தில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதை, இப்போது பிள்ளைகள் கரும்பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்களா?

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவன் அதைச் சொன்னபோது என் மகள் எங்கே உட்கார்ந்திருந்தாள்? அவள் முகம் எப்படி இருந்தது? வீட்டுக்கு வந்து என்ன சொன்னாள்?

உன் அத்தானிடம் கடிதத்தைக் காட்டவில்லை. குண்டூசி நன்றாகப் படிக்கிறாளாம் என்று மட்டும் சொன்னேன். அவர் அதைப் போய் கிரேன் ஹெல்பரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பாடத்தை உடனே நிறுத்து. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடனே பதில் போடாததற்கு மன்னிக்க வேண்டும். காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் வேலை கழுத்தை நெரித்தது. உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் என் மனைவி.

நீ கேட்டதற்குப் பதில்: மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் வரவில்லை என்பதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து ஒன்றுமே சொல்லவில்லை.

பாடத்தை நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பையன் பேச்சோடு நிறுத்தினால் அதுதான் கடைசி வார்த்தை என்று ஆகிவிடாதா? அதனால் இன்னொரு நாள் நடத்தினேன். வேறு யாராவது வாருங்கள் என்றேன். குண்டூசி கை தூக்கினாள். நான் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பினேன். அவள் கேட்டுக்கொண்டா வருகிறாள்? நேராக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“நான் கலப்பு வீட்டுப் பொண்ணு” என்றாள்.

அவளை எழுப்பிவிட நினைத்தேன். ஆனால் அக்கா, அவள் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தச் சாமி என்று கேட்டார்கள். அம்மா கும்பிடும்போது அப்பா டீ போடுவார், அப்பா கும்பிடும்போது அம்மா டீ போடுவாள், நடுவில் எனக்கு இரண்டு டீ என்றாள். வகுப்பே சிரித்தது. பிறகு லீடர் எழுந்து, சண்டை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவாய் என்று கேட்டான்.

“ஓட மாட்டேன். எங்க அப்பா கிரேன் மேல இருப்பார். அவர் இறங்கி வர்ற வரைக்கும் கீழேயே நிப்பேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. நன்றாக நடிக்கிறாய் என்று லீடர் சொன்னான். அவள், “நான் நடிக்கல” என்றாள். உன் அப்பாவும் கிரேன்தானே ஓட்டுகிறார் என்று அவன் கேட்டான். வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது.

பிறகு மணி அடித்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். இப்போது எல்லாம் பழையபடி இருக்கிறது. நீ வீணாகக் கவலைப்படாதே.

தம்பி


செப்டம்பர் 9

தம்பிக்கு,

நலம்.

மணி அடிப்பதற்கு முன்னால் நீ என்ன சொன்னாய்?

அக்கா


செப்டம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

குண்டூசி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். மாமா, அத்தை எல்லோரும் நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பா கண்ணுக்கு மருந்து ஊற்றுகிறாரா? ஊற்றாவிட்டால் நான் வந்து ஊற்றுவேன் என்று சொல்.

கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல். மாமா இப்போது நாற்காலிப் பாடம் நடத்துவதில்லை. நாற்காலியை ஆபீஸ் ரூமுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கோடு போட்டுப் படிக்கிறோம். பரீட்சைக்கு அது போதுமாம்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை அம்மா. அன்றைக்கு மாமாவே எல்லோரிடமும் சொல்லிவிட்டார், அது அவர் சொல்லிக் கொடுத்த நடிப்புதான் என்று. அப்பாவைப் பற்றியும் சொல்லிவிட்டார், நம்ம ஆளுதான் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். லீடர் என்னிடம் முன்னை விட நன்றாகப் பேசுகிறான். ஒரு நிமிஷம் நான் நிஜமாகவே அப்படித்தானோ என்று பயந்தே போய்விட்டானாம். நான் அப்படி இருந்தால் அவனுக்கு அழுகை வந்திருக்குமாம்.

முதலில் எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. மாமா சொன்னதுதான் நல்லது. அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். நீ பயப்படாதே.

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்ட வேண்டாம். வேறு ஒன்று எழுதி அனுப்புகிறேன், அதைக் காட்டு.

உன் மகள்


அக்டோபர் 6

தம்பி,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

குண்டூசி எழுதியிருக்கிறாள். நீ எழுதாமல் விட்டதை அவள் எழுதிவிட்டாள். நம்ம ஆளுதான் என்று சொன்னாயாமே. சொல்லும்போது உன் நாக்கு கூசவில்லையா? அவர் உன்னைத் தன் சொந்தத் தம்பி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார். பாஷை தெரியாத ஊரில் நீ டைபாய்டு வந்து படுத்தபோது லீவு போட்டுக்கொண்டு ஓடி வந்து உன் துணியைத் துவைத்தவர் அவர். அந்த மனுஷனை இல்லை என்று சொல்லி ஒரு வகுப்பே கை தட்டியிருக்கிறது.

யாரிடமும் சொல்லாதே என்று நான்தான் சொன்னேன். அதை மறுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னேன். அவளைப் பொய்க்காரி ஆக்கு என்று சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நீ வாதாடுவாய். இருக்கலாம். என்னால் யோசிக்க முடியவில்லை.

என் மகள் பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள். எனக்கு இருக்கிற பயமே அந்த ஒரு வரிதான்.

அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்காக வேண்டிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். லீடர் அந்தக் கேள்வியைக் கேட்டதும், ‘அவங்களை விடக் கூடாது’ என்று அவன் சொன்னதுதான் என் காதில் கேட்டது. முப்பத்தைந்து பிள்ளைகள், முப்பத்தைந்து வீடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெரியப்பா. நான் ஓடிப்போய் அவள் தோளில் கை வைத்தேன். “அவ நல்லா நடிச்சா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவ அப்பாவை எனக்குத் தெரியாதா? நம்ம ஆளுதான்” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். யாருடைய முகத்திலும் சந்தேகம் போகவில்லை. அதனால் அவளையே கேட்டேன். “சொல்லும்மா, நடிப்புதானே?” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா சார்” என்றாள். அவர்கள் கை தட்டினார்கள்.

என் வாழ்நாளில் அதைவிட அசிங்கமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் என்னைச் சார் என்றுதான் கூப்பிடுகிறாள். விளையாட்டுக்கு அல்ல. மரியாதையாகப் பேசுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள், எண்ணெய்கூட மறுக்காமல் தேய்த்துக்கொள்கிறாள். என் மனைவி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அக்கா, இதைச் சரி செய்ய எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு. விடுமுறைக்கு அவளை அழைத்துப்போக அத்தானை அனுப்பு. பள்ளிக்கூடத்துக்கே வரச் சொல். அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அவர் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இவர்தான் என் அத்தான், இவர் இன்ன மதம், நான் பொய் சொன்னேன் என்று சொல்கிறேன். ஊர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். வேலை போனாலும் போகட்டும்.

தம்பி


நவம்பர் 4

தம்பிக்கு,

இங்கே நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, பையன் பயந்துட்டான், நான் அந்த இடத்துல இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். உன்னைப் பையன் என்றுதான் இன்னும் சொல்கிறார்.

நான் அவ்வளவு பெரிய மனசுக்காரி இல்லை. ஆனால் நீ உண்மையை எழுதியிருக்கிறாய். அதனால் சம்மதிக்கிறேன். விடுமுறை விடுகிற அன்று மாலை பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறார். புதுச் சட்டை தைத்திருக்கிறார். மகளோடு படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கப்போகிறோம் என்று இப்போதே முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சொன்னதைச் செய். எனக்கு உள்ளுக்குள் உதறலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செய்.

அக்கா


நவம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகமாக வந்து சேர்ந்தார்களா? உடனே ஒரு வரி எழுது.

அன்று கடைசி மணிக்கு முன்னால் தலைமையாசிரியர் மார்க் பட்டியலைச் சரிபார்க்க என்னைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கச் சொல்லி லீடரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். விடுமுறை என்றதும் யார் உட்காருவார்கள்? நான் வாசலுக்கு ஓடி வந்தபோது அத்தானும் இல்லை, குண்டூசியும் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் போய்விட்டது என்றார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்திருக்கக் கூடாதா? என் மனைவி சமைத்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் என் மேல் இருக்கும் கோபத்தால்தான் வீட்டுக்கு வராமல் போய்விட்டாரா?

தம்பி


டிசம்பர் 12

அன்புள்ள வாத்தியார் மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். நீங்களும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் அக்கா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நான் உட்கார்ந்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், வாத்தியாருக்கு அது கஷ்டமில்லை.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. காத்திருக்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு.

நான் சீக்கிரமே வந்து வாசலில் நின்றேன். மணி அடித்ததும் பிள்ளைகள் பொலபொலவென்று வெளியே வந்தார்கள். நம் குண்டூசி ஒரு பையனோடு பேசிக்கொண்டே வந்தாள். நீங்கள் சொன்ன லீடர் அவன்தான். அவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள், உங்கள் பெயர் என்ன என்று அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டான். நான் யோசிக்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டேன். பெயரைக் கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. என் பெயரைக் கேட்டால் என்ன மதம் என்று யாருக்கும் தெரிந்துவிடுமே.

நான் ‘அப்பா’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தேன் மச்சான். அவள் திக்கவில்லை, திணறவில்லை. “இவர் எங்க அப்பாவோட ஹெல்பர். அப்பாவுக்கு லீவு கிடைக்கலையாம். என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி இவரை அனுப்பியிருக்கார்” என்றாள். பையை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். “சரிங்கம்மா, போலாங்களா?” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தப் பையன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஆளோடு தனியாகவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்டான். என் காதில் விழுந்தது. பயந்தவன் என்னை அடிக்க வரவில்லை, ஓடவும் இல்லை. அவளுக்குத் துணையாகப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தான். எனக்கும் அவளுக்கும் நடுவில் நடந்தான். பஸ் கிளம்புகிறவரை ஜன்னல் பக்கத்திலேயே நின்று என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன் மச்சான். என் மகளை என்னிடமிருந்து காப்பாற்ற வந்தவன். அவனைத் திட்டாதீர்கள்.

இப்போது புரிகிறதா, ஏன் காத்திருக்கவில்லை என்று? நீங்கள் வந்து அத்தான் என்று கையைப் பிடித்திருந்தால், அவள் அத்தனை பேர் முன்னாலும் பொய்க்காரி ஆகியிருப்பாள். உங்களிடமிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பஸ்ஸில் அவள் வேறு சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஊரெல்லாம் தாண்டி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்று ஆன பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பசிக்கிறது என்றாள். பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. கண் எரிச்சல் என்று சொன்னேன். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

இனிமேல் அங்கே அனுப்ப வேண்டாம் என்று உங்கள் அக்கா ஒரே பிடிவாதமாக இருக்கிறாள். நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் குண்டூசி கேட்க மாட்டேன் என்கிறாள். விடுமுறை முடிந்ததும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாளாம். நேற்று என்னிடம் வந்து, “இனிமே எனக்கு அங்க பயமே இல்லப்பா. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நீங்க மட்டும் அங்க வராம இருந்தாப் போதும்” என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளைத் திரும்ப அனுப்பட்டுமா, வேண்டாமா? எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் படித்தவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். நீங்களே ஒரு பதில் எழுதுங்கள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்